ஆளைத் தடுப்பதும் கேலரியை அடக்குவதும்

2012 நவம்பர் இறுதி வாரத்தில் ஜெர்மனியின் கால்பந்து அரங்குகளில் ஒரு விநோதம் நடந்தது. நடுவர் விசில் ஊதினார், பந்து உருண்டது, ஆனால் கேலரியில் பாட்டும் இல்லை, மேளமும் இல்லை. பந்தை உதைக்கும் ஓசையும், கோல்கீப்பர் தன் ஆட்களை அதட்டும் குரலும் துல்லியமாகக் கேட்டன. 12 நிமிடம் 12 வினாடி வரை அந்த மௌனம் நீடித்தது. பிறகு மடை திறந்தாற்போல் ஆரவாரம். அடுத்த சுற்றுகளிலும் இதையே செய்தார்கள். டிசம்பர் 12 அன்று, அதாவது 12-12-12 என்ற தேதியில், முதல் இரண்டு டிவிஷன்களின் 36 கிளப்புகளும் கூடி ஒரு பாதுகாப்புத் திட்டத்தை ஓட்டுக்கு விடவிருந்தன. அதற்கு எதிரான போராட்டம் இது. ரசிகர்கள் எழுதிப் பிடித்த வாசகத்தில் ஒரு சிலேடை இருந்தது. ஜெர்மன் மொழியில் ஓட்டுக்கும் குரலுக்கும் ஒரே சொல். அரங்கின் களைக்குரிய சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். 'எங்களுக்குக் குரல் இல்லையென்றால் அரங்கில் களையும் இல்லை' என்று அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம்.

திட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடமும் உப்பில்லாச் சோறாகவே இருந்திருக்கும். கேலரியின் சத்தம் ஆட்டத்துக்கு வெறும் பின்னணி இசைதானே என்று நினைப்பவர்கள் 2020-21 பிரீமியர் லீக் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். கொரோனா காரணமாக அரங்குகள் ஏறக்குறைய முழுப் பருவமும் காலியாகக் கிடந்தன. 380 ஆட்டங்களில் சொந்த மைதான அணி வென்றது 144, வெளியூர் அணி வென்றது 153. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றில் வெளியூர் வெற்றிகள் முந்தியது அதுவே முதல் முறை.

இந்தச் சத்தத்தோடு எப்போதும் ஒட்டிவரும் இன்னொன்று உண்டு: அடிதடி. அதை அடக்க ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கருவியைக் கையில் எடுத்தன. இங்கிலாந்தும் வேல்ஸும் எடுத்தது 'கால்பந்துத் தடை ஆணை'. அந்த ஆணைதான் கால்பந்தைக் காப்பாற்றியது என்று போலீஸும் உள்துறையும் கால் நூற்றாண்டாகச் சொல்லி வருகின்றன. அதுதான் அரங்குகளை ஊமையாக்கியது என்று பழைய ரசிகர்கள் புலம்புகிறார்கள். இரண்டு தரப்பும் அந்த ஆணைக்குத் தகுதிக்கு மீறிய பெருமையைக் கொடுக்கின்றன என்பது என் எண்ணம்.

பிறந்த கதை

1985ஆம் ஆண்டின் மூன்று மாதங்களில் ஆங்கிலக் கால்பந்து அதலபாதாளத்துக்குப் போனது. மார்ச் 13 அன்று லூட்டன் மைதானத்தில் மில்வால் ஆதரவாளர்கள் இருக்கைகளைப் பிடுங்கி வீசிக் கலவரம் செய்தார்கள். மே 11 அன்று பிராட்ஃபோர்டில் பழைய மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில், கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முன்பு, லிவர்பூல் ஆதரவாளர்கள் யுவென்டஸ் பக்கம் பாய்ந்தார்கள். சுவர் இடிந்து, நெரிசலில் 39 பேர் மாண்டார்கள். ஆங்கிலக் கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து ஐந்தாண்டுகள் விலக்கப்பட்டன. லிவர்பூலுக்கு மட்டும் ஆறு.

மார்கரெட் தாட்சர் அரசு அடுத்த ஆண்டே பொது ஒழுங்குச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஆட்டத்தில் குற்றம் செய்து தண்டனை பெற்றவனை மைதானத்துக்குள் நுழையவிடாமல் நீதிமன்றம் விலக்கி வைக்கலாம். தடை ஆணையின் முதல் வடிவம் இதுதான். தாட்சருக்கு அது போதவில்லை. ஆட்டம் பார்க்க வரும் ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்றொரு திட்டம் அவர் மனதில் இருந்தது. அதற்காகக் கொண்டுவரப்பட்டதுதான் 1989ஆம் ஆண்டின் கால்பந்துப் பார்வையாளர் சட்டம்.

அந்த மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தபோதுதான், 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அந்த விபத்து நடந்தது. கம்பி வேலியால் அடைக்கப்பட்ட பகுதிக்குள், ஏற்கெனவே நிரம்பி வழிந்த இடத்தில், மேலும் கூட்டம் விடப்பட்டது. அந்த நெரிசலின் காரணமாக இறந்ததாக இன்று பதிவாகியிருக்கும் எண்ணிக்கை 97. கடைசியாக ஒருவர் இறந்தது 2021இல். போலீஸ் பழியை ரசிகர்கள் மேல் போட்டது. குடித்துவிட்டு வந்தார்கள், முண்டியடித்தார்கள் என்று சொன்னது. அது பொய் என்பதையும், அந்த மரணங்கள் சட்டவிரோதக் கொலைகளே என்பதையும் ஜூரி உறுதி செய்ய 2016 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்டத்தைக் கூட்டமாக மட்டுமே பார்க்கிற கண்ணுக்கு, உயிருக்குத் தவிப்பவனும் கலகக்காரனாகத்தான் தெரிவான். இந்தப் பின்னணி தெரியாமல் ஆங்கில ரசிகர்களுக்கும் போலீசுக்கும் இடையிலுள்ள கசப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் தந்த இறுதி அறிக்கை அடையாள அட்டைத் திட்டத்தை ஏற்கவில்லை. நுழைவாயிலில் கூட்டம் தேங்கும், ஆபத்து இன்னும் கூடும் என்றது. அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் சட்டம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. நடு வீடு இடிந்து திண்ணை மட்டும் மிஞ்சியதுபோல, அந்தச் சட்டத்தில் ஓரமாக இருந்த ஒரு பகுதி, அதாவது தண்டனை பெற்றவர்கள் வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் போவதைத் தடுக்கும் பகுதி, பிழைத்துக்கொண்டது. இன்றைய தடை ஆணை அந்தத் திண்ணைமேல் எழுப்பிய கட்டடம்.

எழுப்பியது 2000ஆம் ஆண்டு. அந்த ஜூனில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை நடந்தது. ஷார்லெருவாவில் ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தை ஒட்டி இங்கிலாந்து ரசிகர்கள் தெருக்களிலும் சதுக்கங்களிலும் நாற்காலி வீசிச் சண்டையிட்டார்கள். 900-க்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டார்கள். இப்படியே போனால் அணியையே போட்டியிலிருந்து விலக்குவோம் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனம் எச்சரித்தது. உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா மசோதாவை அவசர அவசரமாக ஓட்டினார். ஜூலை 28 அன்று அது சட்டமாகிவிட்டது. ஆறு வாரக் கோபத்தில் எழுதிய சட்டம் இருபத்தைந்து ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது

கிளப் ஒருவருக்குத் தன் வாசலை மூடுவது வேறு, தடை ஆணை வேறு. கிளப்பின் தடை அந்த ஒரு மைதானத்தோடு போய்விடும். தடை ஆணையை வழங்குவது நீதிமன்றம். அது வந்தால் பிரீமியர் லீக் முதல் அரைத்தொழில்முறை லீக் வரை எந்தக் கேலரியிலும் கால் வைக்க முடியாது. வெளிநாட்டில் இங்கிலாந்து ஆடும் ஆட்டத்துக்கும் போக முடியாது.

குற்றத் தீர்ப்போடு சேர்ந்து வரும்போது, சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டால் ஆணை 6 முதல் 10 ஆண்டு. சிறை இல்லையென்றால் 3 முதல் 5 ஆண்டு. ஆணை வந்த ஐந்து நாளுக்குள் குறிப்பிட்ட காவல் நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முகவரி மாறினால் சொல்ல வேண்டும். நிபந்தனை ஜாமீனில் வந்தவர் காவல் நிலையத்தில் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்கும் நமக்கு இதன் வாசனை பழக்கமானதுதான். மேலும் சில நிபந்தனைகளை நீதிமன்றம் சேர்க்கலாம். ஆட்ட நாளில் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு வரக்கூடாது, அனுமதியின்றி ரயிலில் போகக்கூடாது என்பவை வழக்கமானவை.

உலகக் கோப்பையோ ஐரோப்பியக் கோப்பையோ வரும்போதுதான் இந்த ஆணையின் முழு எடையும் தெரியும். போட்டி தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து அது முடியும் வரை பாஸ்போர்ட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஆட்டத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் உறவினர் கல்யாணத்துக்காக வெளிநாடு போக வேண்டியிருந்தாலும் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 2006இல் ஜெர்மனி உலகக் கோப்பை நடந்தபோது இந்தப் பட்டியலில் 3,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஆணையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை. காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகு, திருந்திவிட்டேன் என்று காட்டி ரத்து கேட்கலாம்.

எவையெல்லாம் இந்த ஆணைக்கு வழிவகுக்கும் என்ற பட்டியல் நீளமானது. கைகலப்பு, கல் வீசுவது, இனவெறிக் கோஷம் போன்றவற்றோடு, காரணமின்றி ஆடுகளத்துக்குள் இறங்குவதும், தீப்பந்தமோ புகைக்குண்டோ கையில் வைத்திருப்பதும்கூட அதில் உண்டு. சம்பவம் அரங்கில்தான் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரம் அதன் கணக்கில் வரும். ரயில் நிலையமும் மதுக்கடையும் சேர்த்தி.

இதுவரை சொன்னதில் எனக்குப் பெரிய மனத்தடை இல்லை. ஒருவன் ஒரு செயலைச் செய்தான், அது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டது, அவனை விலக்குகிறார்கள். மற்றவர்கள் நிம்மதியாகப் பாடுகிறார்கள். 2022 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வெற்றிக்குப் பிறகு களத்துக்குள் பாய்ந்த கூட்டத்தில் ஒருவர், ஓரமாக நின்றிருந்த ஷெஃபீல்டு யுனைடெட் வீரர் பில்லி ஷார்ப்பைத் தலையால் முட்டி வீழ்த்தினார். அவருக்கு 24 வாரச் சிறையும் 10 ஆண்டுத் தடையும் கிடைத்தன. அதற்காகக் கண்ணீர் விட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சிக்கல் வேறு வாசலில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், குற்றத் தீர்ப்பே இல்லாமலும் ஆணை பெற ஒரு வழி திறந்தது. போலீஸ் தலைவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிடலாம். இவர் எப்போதாவது, உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ, வன்முறைக்கோ ஒழுங்கின்மைக்கோ காரணமாகவோ உடந்தையாகவோ இருந்திருக்கிறார் என்று காட்ட வேண்டும். இவரைத் தடுத்தால் கால்பந்து வன்முறை குறையும் என்று நம்ப இடமிருக்கிறது என்றும் காட்ட வேண்டும். அவ்வளவுதான், 3 முதல் 5 ஆண்டு ஆணை தயார். சட்டத்தின் கண்ணில் இது தண்டனை இல்லை. வருமுன் காக்கும் சிவில் நடவடிக்கை. டெர்பி கவுன்டி கிளப்பின் ஆதரவாளர்கள் இருவர் இதை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார்கள். 2002 மார்ச்சில் அவர்கள் தோற்றார்கள். தண்டனை இல்லை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் விளைவு கடுமையானது என்பதால், கிரிமினல் வழக்கிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு வலுவான நிரூபணம் வேண்டும் என்று ஒரு கடிவாளமும் போட்டது.

கடிவாளம் நல்லதுதான். எனினும் இப்படிப்பட்ட மனுக்களோடு வரும் ஆதாரம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒவ்வொரு கிளப்பையும் கவனிக்கவென்றே போலீசில் ஆட்கள் உண்டு. கேமராப் பதிவுகளும் அவர்களின் நாட்குறிப்புகளும் சேர்ந்து ஒருவரைப் பற்றிய கோப்பாக வளரும். இன்ன தேதியில் இன்ன மதுக்கடை வாசலில் இன்னாரோடு நின்றார், சண்டை நடந்த தெருவின் முனையில் இருந்தார் என்று அது போகும். 'இவன் அடித்தான்' என்பதற்கும் 'இவன் அடிக்கிறவர்களோடு நின்றான்' என்பதற்கும் இடையே ஒரு நூலிழை இருக்கிறது. கால்பந்தில் அந்த நூல் மிக மெல்லியது. ஏனென்றால் கேலரி என்பதே தெரிந்தவர் தெரியாதவரோடெல்லாம் சேர்ந்து நிற்பதுதான்.

வேலை செய்ததா?

2000க்குப் பிறகு இங்கிலாந்து ரசிகர்களின் வெளிநாட்டுப் பயணங்கள் பெருமளவு அமைதியானது உண்மை. 2004இல் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியக் கோப்பையை அரசு தன் வெற்றிக்குச் சாட்சியாகக் காட்டியது. கூட்ட உளவியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் ஸ்டாட்டும் சட்ட ஆய்வாளர் ஜெஃப் பியர்சனும் அதே போட்டியை எடுத்து வேறொரு கதை சொன்னார்கள். போர்ச்சுகலின் நகரங்களைக் காத்த போலீஸ் படை, கவசமும் தடியும் கண்ணில் படாமல், சாதாரணச் சீருடையில் ரசிகர்களோடு பேசிப் பழகியது. அங்கே சண்டை இல்லை. அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊர் வேறொரு படையின் பொறுப்பில் இருந்தது. அது பழைய பாணியில் இறங்கியது. அங்கே கலவரம் நடந்தது. இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் அதே நாட்டு ரசிகர்கள். தடை ஆணை பெற்றவர்கள் இரண்டு இடத்திலும் இல்லை.

ஷார்லெருவாவையும் இந்தக் கோணத்தில் திரும்பிப் பார்க்கலாம். கலவரத்தைச் சில கெட்ட ரவுடிகள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவதில்லை. எல்லோரையும் ரவுடியாக நடத்தினால், நேற்றுவரை பீர் குடித்துப் பாடிக்கொண்டிருந்தவனும் பக்கத்தில் நிற்பவனுக்காகக் கை ஓங்குவான். ஸ்டாட் தரப்பின் வாதத்தின் சாரம் இதுதான். தடை ஆணை வீணென்று இதற்குப் பொருளில்லை. தடை ஆணைக்குச் சேரும் பாராட்டில் பாதியாவது, வாயிலில் நிற்கும் போலீஸ்காரரின் நடத்தைக்குச் சேர வேண்டும்.

எண்ணிக்கையையும் அதன் அளவிலேயே பார்க்க வேண்டும். அமலில் உள்ள ஆணைகள் 2000களின் பிற்பகுதியில் 3,000-ஐத் தாண்டின; பிறகு இறங்கின; 2024இல் மறுபடி 2,000-க்கு மேல் ஏறின. பிரீமியர் லீக்கில் மட்டும் ஒரு பருவத்தில் 380 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரியாக 38,000-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். இந்தக் கூட்டத்திலிருந்து இரண்டாயிரம் பேரைக் கழித்தால் சத்தம் குறையுமா?

சத்தம் எங்கே போனது

குறைந்திருக்கிறது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். 2000 நவம்பரிலேயே, மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன் ராய் கீன் தன் சொந்த ரசிகர்களில் சிலரைப் பார்த்து எரிந்து விழுந்தார். கொஞ்சம் மதுவும் இறால் சாண்ட்விச்சும் சாப்பிட வருகிறவர்களுக்குக் களத்தில் நடப்பது புரிவதில்லை என்றார். இறால் சாண்ட்விச் அன்று முதல் இங்கிலாந்தில் ஒரு வசைச்சொல்.

தடை ஆணை பெற்றவன் இறால் சாண்ட்விச் சாப்பிடுகிறவன் இல்லை. ஆக, காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். டெய்லர் அறிக்கையின் பேரில் முதல் இரண்டு டிவிஷன்களில் நின்று பார்க்கும் கேலரிகள் 1994ஆம் ஆண்டு வாக்கில் ஒழிந்தன. எல்லாம் இருக்கை. நின்று பாடுகிறவன் தன் கூட்டாளியைத் தேடி நகர்ந்து போவான். எண்ணிட்ட நாற்காலியில் உட்கார்ந்தவன் தன் எண்ணிலேயே இருப்பான். பாட்டு பரவ வழியில்லை. அதோடு டிக்கெட் விலை ஏறியது. பள்ளி முடித்த வயதுப் பையன்கள் நண்பர்களோடு வந்து நின்ற இடத்தில் நடுவயதுக்காரர்கள் உட்கார்ந்தார்கள். எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், தொலைக்காட்சி வசதிக்கு மாறும் தேதி, கடைசி ரயிலைத் தவறவிடும் வெளியூர் ரசிகர் என்று பட்டியல் நீளும்.

2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் நடந்ததை இங்கே சொல்லியே ஆக வேண்டும். புதிய கேலரியில் மிக உயர்ந்த டிக்கெட் 77 பவுண்டு என்று லிவர்பூல் அறிவித்திருந்தது. சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. காலியான இருக்கைகளைப் பார்த்தபடி ஆடிய அணி, மீதமிருந்த நேரத்தில் இரண்டு கோல் வாங்கி 2-2 என்று முடித்தது. நான்கு நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். கேலரியை ஊமையாக்குவது எது என்பதற்கு இதைவிட நேரடியான செய்முறை விளக்கம் கிடைக்காது.

தனி ஆளை விட்டுவிட்டுக் கேலரியையே குறிவைத்தால் என்ன ஆகும் என்பதையும் ஐரோப்பா சோதித்துப் பார்த்துவிட்டது. பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அரங்கின் இரு முனைகளிலும் இருந்த ஆதரவாளர் குழுக்கள் ஒன்றையொன்று வெறுத்தன. ஒரு முனை வலதுசாரி வெள்ளையர் கூட்டம். மறுமுனையில் பல இனத்தவர். 2010இல் மார்செய் ஆட்டத்துக்கு முன்பு இரு தரப்பும் மோதியதில் ஓர் ஆதரவாளர் அடிபட்டு, சில வாரங்களில் இறந்தார். கிளப்பின் தலைவர் ராபின் லெப்ரூ அந்தக் கேலரிகளின் பருவ டிக்கெட்டுகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தார். இனி அந்த இடங்களுக்கு டிக்கெட் வாங்குகிறவருக்கு எந்த இருக்கை என்பதைக் கணினிதான் முடிவு செய்யும். நண்பர்கள் சேர்ந்து உட்கார முடியாது. வன்முறை நின்றது. பாட்டும் நின்றது. அடுத்த ஆண்டு கத்தார் பணம் வந்தது. உலகின் மிகப் பெரிய நட்சத்திரங்கள் வந்தார்கள். அவர்கள் ஆடிய அரங்கோ நூலகம்போல் இருந்தது. 2016 அக்டோபரில் கிளப்பே ஒதுங்கி வழிவிட, பாடும் குழுக்கள் ஒரே குடையின் கீழ் திரும்பி வந்தன. அடிப்பவர்களையும் பாடுபவர்களையும் ஒன்றாக வெளியேற்றியவர்கள், பாடுபவர்களை மட்டும் மறுபடி அழைத்துக்கொள்ள ஆறு ஆண்டுகள் ஆயின.

ரோமில் இன்னும் விசித்திரம். 2015இல் ஒலிம்பிகோ அரங்கின் இரு முனைக் கேலரிகளையும், ரோமாவினுடையதையும் லாசியோவினுடையதையும், நடுவில் தடுப்புச்சுவர் வைத்து இரண்டாகப் பிளந்தார்கள். அப்போதுதான் கண்காணிக்க எளிது என்பது அரசு அதிகாரிகளின் வாதம். ரசிகர்கள் ஒன்றரைப் பருவம் புறக்கணித்தார்கள். பரம எதிரிகளான இரு அணிகளும் மோதும் ஆட்டத்திலேயே கேலரிகள் வெறிச்சோடின. 2017இல் சுவர் இறங்கியது. இத்தனைக்கும் இத்தாலியிடம் தனி ஆளைத் தடுக்கும் கருவி 1989 முதலே உண்டு. டாஸ்போ என்று அதற்குப் பெயர். நீதிமன்றம் கூட வேண்டாம்; மாவட்டப் போலீஸ் தலைவரே பிறப்பிக்கலாம். ஆட்ட நேரத்தில் காவல் நிலையத்தில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று சேர்த்தால் மட்டும் 48 மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் ஒப்புதல் கேட்க வேண்டும்.

ஜெர்மனியில் தடை என்பது வீட்டுக்காரரின் உரிமை. அரங்கு கிளப்பினுடையது, வேண்டாதவரை வர வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு கிளப் தடுத்தால் கால்பந்துச் சங்கத்தின் விதிப்படி நாடு முழுதும் தடுக்கலாம். டூயிஸ்பர்க் ஆட்டத்துக்குப் பிறகு நடந்த கைகலப்பில் பிடிபட்ட பயர்ன் மியூனிக் ரசிகர் ஒருவரின் மீதான விசாரணை கைவிடப்பட்டும், தடை நீங்கவில்லை. அவர் கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். 2018 ஏப்ரலில் வந்த தீர்ப்பு தடை செல்லும் என்றது. ஆனால் தனியார் என்பதற்காக மனம்போல் தடுக்க முடியாது, உருப்படியான காரணம் வேண்டும், அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றது. பல்லாயிரம் பேர் சேர்ந்து ஆட்டம் பார்ப்பது சமூக வாழ்வின் பங்கு என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பின் அடியில் ஓடுகிறது. தடை பெற்ற ஜெர்மன் ரசிகர்கள் பலர் இன்றும் தம் குழுவோடு வெளியூர் வரை பயணம் போகிறார்கள். மற்றவர்கள் உள்ளே போவார்கள். இவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே அவர்களை மறக்கவில்லை என்று எழுதிய பதாகை தொங்கும். சட்டம் ஆளைப் பிரித்தாலும் கேலரி அவனை விட்டுக்கொடுப்பதில்லை.

பட்டியல் வளர்கிறது

2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. டிக்கெட் இல்லாத சுமார் இரண்டாயிரம் பேர் வாயிலை உடைத்தும் தள்ளியும் உள்ளே போய்விட்டார்கள். உயிர்ப்பலி நேராதது அதிர்ஷ்டம் என்ற தொனியில்தான் அதை விசாரித்த லூயிஸ் கேசி பின்னர் அறிக்கை எழுதினார். அன்று இரவே, பெனால்டியைத் தவறவிட்ட மார்கஸ் ராஷ்ஃபோர்ட், ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாகா மூவர் மீதும் சமூக ஊடகத்தில் இனவெறி வசை கொட்டியது. அரசு மறுபடி கோபத்தோடு சட்டப் புத்தகத்தைத் திறந்தது. 2022இல் இணையத்தில் செய்யும் வெறுப்புக் குற்றங்களும் தடை ஆணையின் கீழ் வந்தன. பெண்கள் கால்பந்தும், அரங்கில் கொகெய்ன் போன்ற போதைப்பொருள் வைத்திருப்பதும் சேர்க்கப்பட்டன. தண்டனை பெற்றவருக்கு ஆணை பிறப்பிப்பதே விதி, விடுவதுதான் விலக்கு என்று நீதிமன்றத்தின் கையையும் இறுக்கினார்கள்.

அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களை ஏளனம் செய்யும் எண் பொறித்த சட்டையோடு ஒருவர் வந்தார். நான்கு ஆண்டுத் தடை பெற்றார். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சொல்லும் பாட்டும் சட்டத்தின் வலைக்குள் வரும்போது எங்கே நிறுத்துவது என்பது எளிதில்லை. ஸ்காட்லாந்து 2012இல் கால்பந்தில் புண்படுத்தும் நடத்தைக்கென்றே தனிச் சட்டம் போட்டது. எந்தப் பாட்டு யாரைப் புண்படுத்தும் என்று தீர்மானிக்கும் வேலை போலீஸ்காரர் தலையில் விழுந்தது. செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆதரவாளர்கள் வேறு எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். இந்தச் சட்டத்தை வெறுப்பதில் ஒத்துப்போனார்கள். 2018இல் நாடாளுமன்றமே அதை ரத்து செய்துவிட்டது.

புகைக்குண்டு விஷயத்தில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கண்ணுக்கு அழகுதான்; தொலைக்காட்சி நிறுவனங்களும் கிளப்புகளும் விளம்பரத்துக்கு அந்தச் சிவப்புப் புகைப் படங்களையே எடுத்துப் போடுகின்றன. அதே புகையைக் கொளுத்தியவனுக்கு மூன்று ஆண்டுத் தடை வரலாம். குழந்தையோடு பக்கத்தில் நிற்பவரை நினைத்தால் சட்டம் சரியென்று படுகிறது. அந்தப் படத்தைக் காட்டி டிக்கெட் விற்பவரை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தடைப் பட்டியல் நீண்ட அதே 2022இல் எதிர்த் திசையிலும் ஒன்று நடந்தது. ஜனவரி 2 அன்று செல்சி மைதானத்தில், லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தில், முதல்நிலை லீக் ரசிகர்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு சட்டப்படி நின்று ஆட்டம் பார்த்தார்கள். டாட்டன்ஹாம், மான்செஸ்டரின் இரு கிளப்புகள், கார்டிஃப் ஆகியவையும் அந்தச் சோதனையில் இருந்தன. அடுத்த பருவம் முதல் தகுதியுள்ள எந்தக் கிளப்பும் உரிமம் கேட்கலாம் என்று ஆனது. ஹில்ஸ்பரோ குடும்பங்களின் காயம் தெரிந்த நாட்டில் இது லேசில் எடுத்த முடிவில்லை.

நிற்கும் பகுதி பழைய கேலரிபோல் இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்புயரக் கம்பி உண்டு. பின்னால் சாயாமலும் முன்னால் சரியாமலும் அது தாங்கும். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு நாற்காலி இருக்கும். டிக்கெட்டில் இன்ன வரிசை, இன்ன எண் என்று அச்சாகியிருக்கும். எத்தனை நாற்காலியோ அத்தனை பேர்தான். மேலே இருக்கும் கேமராவுக்கு யார் எங்கே நிற்கிறார் என்பது தெரியும். எவனாவது ஒருவன் எதையாவது எறிந்தால் அவனுடைய எண்ணைப் பார்த்து அவனை மட்டும் தேடிப் போகலாம். மற்றவர்கள் நின்றுகொண்டே பாடலாம்.